நைனா ஏன் கொடுக்கவில்லை

எழுபதுகளில் கோவளத்தில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டபோது, என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கப் போனேன். இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒவ்வொரு பிரசவத்துலயும் பிள்ளை வழியா உங்க அணு அவங்க ரத்தத்துல கலந்திருக்கு. அதை எதிர்க்க ரத்தம் பழகிடுச்சு. உங்க சிறுநீரகத்தை வெச்சா உடனே அழிச்சிடும்."

மூன்று பெண்களுக்குப் பிறகும் ஆண் பிள்ளை கேட்டு அடம்பிடித்தவன் நான். நாலாவதும் பெண்.

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "பொண்ணுங்ககிட்ட இத்த சொல்லாத. தங்களாலதான்னு நெனச்சுக்கும்ங்க."

அவள் செத்துப்போனபின் பெரியவள் கேட்டாள்: "நீ ஏன் நைனா குடுக்கல?"

"பயந்துட்டேன்" என்றேன்.

மனைவி என்னிடம் வாய்விட்டுக் கேட்டது, 'சொல்லாத' என்ற அந்த ஒன்றைத்தான். கல்யாணமாகிப் போன நாலு பெண்களில் ஒருத்தியும் இன்றுவரை என் வீட்டில் கை நனைத்ததில்லை.