எங்கே போகிறீர்கள் என்று கேட்டவன்

எழுபதுகளில் மெல்பேர்னில் படித்தபோது, பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியில் எனக்கொரு சின்ன வேலை இருந்தது. ஆட்டத்துக்கு முன் பையன்களின் கணுக்கால் சுளுக்காமலிருக்கப் பிளாஸ்டர் நாடா சுற்றிவிடுவேன். பந்தை ஒருநாளும் உதைத்தவனில்லை.

அங்கே பயிற்சியாளர் வேலை நிலையில்லாதது. நாலைந்து ஆட்டம் தோற்றால் நிர்வாகக் குழு ஆளை மாற்றிவிடும். நான் பார்த்த முதல் பயிற்சியாளர் ஒரு வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். என் வாய் சும்மா கிடக்கவில்லை. "எங்கே போகிறீர்கள்?" என்று பின்னாலிருந்து கேட்டுவிட்டேன். வெளிக்கிடுகிறவரை அப்படிக் கேட்கக்கூடாது என்பது வீட்டில் அடி வாங்கிப் படித்த பாடம். ஆங்கிலத்தில் கேட்டால் பலிக்காது என்று நினைத்தேனோ என்னவோ! சனிக்கிழமை அவரை நீக்கிவிட்டார்கள்.

அடுத்தவரிடமும் மறந்துபோய் அதையே கேட்டேன். அவரும் அதே வாரம் போனார். என் கேள்விதான் இருவரையும் அனுப்பியது என்று அறை நண்பனிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? தோத்தால் கலைப்பாங்கள்தானே" என்றான்.

மூன்றாமவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் நீளமான பெயரைச் சுருக்காமல் கூப்பிட்ட ஒரே மனிதர். நாட்டுப்புற ஊரொன்றில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, மனைவி பிள்ளைகளுடன் வந்திருந்தார். இந்த வேலையும் போனால் திரும்பிப் போக அவருக்கு இடமில்லை. அதனால் அவர் பையைத் தூக்கும்போதெல்லாம் பிளாஸ்டர் துண்டொன்றைப் பல்லால் கவ்விக்கொள்வேன். ஏன் என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஓகஸ்டில் அணி தொடர்ந்து ஐந்தாவது முறையாகத் தோற்ற பிற்பகல். பையன்கள் எல்லோரும் போய்விட்டார்கள். உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் பையைத் தூக்கினார். நான் பிளாஸ்டரைக் கவ்விக்கொண்டேன்.

கதவடியில் நின்றார். திரும்பவில்லை.

"வீட்டுக்குத்தான். வேறெங்கே போக?" என்றார், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

பல்லிடுக்கில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. பின்னால் ஓடிப்போய் "நான் கேட்கவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையை விட்டு அசையவே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை புதியவர் ஒருவர் வந்து எனக்குக் கைகொடுத்தார். நான்தான் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் ஊரைவிட்டுப் போயிருப்பார்.