இடது கையின் வேலை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "இடது பக்கம்தானே டீச்சர். சாப்பிட, எழுத வலது கை இருக்கே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." சபையிலிருந்து வந்தவர்களும் சொன்னார்கள், கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். இடது கையால் ஒரு மனுஷி என்ன வேலை செய்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிஸ்கட் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் பேச முடியாது.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மணி அடித்தது, ஸ்டாஃப் ரூம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. பக்கவாதம் என்றார்கள். சில வாரங்களில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து நடக்க முடிந்தது. கை தொங்கியபடியே இருந்தது. கன்னத்திலிருந்து குதிகால் வரை, இடது பாதி முழுக்க உணர்ச்சி இல்லை. அழுகையாவது வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்க்கும்போது மட்டும் இல்லை, மற்ற நேரத்திலும் அப்படித்தான் இருந்தது.

இரும்புலியூரில் எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்தான். உட்கார்ந்தால் உடம்பு இடது பக்கம் சாயும். அதனால் வலது கை பக்கத்துச் சுவரில் இருக்கும் கம்பியைப் பிடித்தே ஆகவேண்டும். பிடித்தால் கழுவ முடியாது. கழுவப் போனால் விழுந்துவிடுவேன்.

முதல் நாள் காலையில் என் கணவர்தான் உதவிக்கு வந்தார். சாதுவான மனுஷர். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. மக்கில் தண்ணீர் எடுத்தார், குனிந்தார். அப்புறம் வாஷ்பேஸினுக்கு ஓடி ஓங்கரிப்பது கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து, கண்ணெல்லாம் சிவந்து, எப்படியோ முடித்துவிட்டார்.

"மன்னிச்சிரு" என்றார்.

"பரவால்ல" என்றேன். எனக்கு நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அவர் தன் அக்காவுக்கு போன் செய்தார்.

என் நாத்தனார் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அனகாபுத்தூரில் ஆற்றுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் தனியாக இருந்தார். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், பிரியாணி சாப்பிடுவார், வெயில் தாழ்ந்ததும் பஸ் பிடித்துவிடுவார். இந்தத் தடவை ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பையில் நூல் புடவைகள், கக்கத்தில் தன் சொந்தத் தலையணை.

மறுநாள் காலையில் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குள் வந்தார். "தலைய என் மேல சாச்சுக்கோ" என்றார். கழுவிக்கொண்டே பேசினார். "வாசல்ல மீன்காரம்மா வந்திருக்கு. கோவளத்து சங்கராவாம். வறுக்கவா, கொழம்பு வைக்கவா?"

"கொழம்பு."

"புளி இருக்கா?"

"இருக்கும்."

"ஆச்சு. எழுந்திரு."

அவ்வளவுதான். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். இனிமேல் இவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தும் பார்த்தேன். அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிட்டேன்.

இப்படியே மாசங்கள் போயின. ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெந்நீர் பீய்ச்சும் டாய்லெட் சீட். சுவரில் பட்டன்; அழுத்தினால் அடியிலிருந்து ஒரு குழாய் நீண்டு வந்து கழுவிவிடும், அப்புறம் சூடான காற்று. ஆபீஸில் யாரோ சொன்னார்களாம்.

"நான் இருக்கேன்ல, மெஷின் எதுக்கு?" என்றார் நாத்தனார்.

"எத்தனை நாளைக்குக்கா நீயே பண்ணுவ?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான், "வாங்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் அந்தச் சமயத்தில் நான் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சீட் வந்தது. பொருத்த வந்தவர் பாத்ரூமைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிளக் பாயிண்ட்டே இல்லியே சார். அப்புறம் இது போர் தண்ணியா? உப்பா கீது. ஃபில்டர் போடலன்னா குழாய் அடச்சிக்கும்." எலக்ட்ரீஷியன் வந்து சுவரைக் குடைந்து ஒயர் இழுத்தார். பாத்ரூம் பூராவும் செங்கல் தூள். நாத்தனார் அதைக் கூட்டி அள்ளினார். ஃபில்டர் மாட்டி, சீட்டை இறுக்கி, எல்லாம் முடிந்தபோது அந்த ஆள், "யாராச்சும் உக்காந்தாதான் தண்ணி வரும். சென்சார் கீது" என்றார்.

நான் ஹாலில் நாற்காலியில் இருந்தேன், பாத்ரூம் கதவு நேரே தெரியும். என் கணவர் அந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் தரையைப் பார்த்தார்.

"தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் புடவையோடு அப்படியே போய் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, கைய வச்சாலே போதும், அதுக்குள்ள..." என்று அந்த ஆள் சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் பட்டனை அழுத்திவிட்டார். ஸ்ஸென்று சத்தம் வந்தது. நாத்தனார் நகரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெந்நீராத்தான் வருது" என்றார்.

எழுந்தபோது புடவையின் பின்பக்கம் முழுக்க நனைந்து சொட்டியது. என் கணவர் சிரித்தார். எனக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. பொருத்த வந்தவரும் சிரித்தார். என் வாயும் வலது பக்கமாக விரிந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நான் தனியாக உட்கார்ந்தேன். பட்டன் வலது பக்கம். அழுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பாதி உடம்பில்தான் பட்டது. மற்ற பாதியில் பட்டதா, படவில்லையா, எனக்குத் தெரியாது. நின்றதும் மறுபடி அழுத்தினேன். மறுபடியும்.

"ஆச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"சுத்தமாச்சான்னு தெரியல. அந்தப் பக்கம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். டிஷ்யூ பேப்பரால் துடைத்து, என் கண்ணுக்கு எதிரில் நீட்டினார். "பாரு. வெள்ளையா இருந்தா சுத்தம். ஒடம்புக்குத் தெரியாட்டி போகுது, கண்ணு இருக்குல்ல." கம்பியை விட்டுவிட்டு, உடம்பை வலது பக்கம் சாய்த்து, தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்துத் துடைக்கவும் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பழகும் வரை ஒவ்வொரு காலையும் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பழகிவிட்டது. பழகிய வாரமே பையைக் கட்டினார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்" என்றேன்.

"எதுக்கு? மழை வரப்போவுது. வூட்டுச் சாமானையெல்லாம் மேல ஏத்தணும்." தலையணையை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

அன்று காலையும் மறுநாள் காலையும் சீட் தன் வேலையைச் செய்தது. மீன்காரம்மா வந்து கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை, போய்விட்டாள். மத்தியானம் என்ன சமைப்பது என்று யாரும் கேட்கவில்லை. புதிதாக வேலைக்கு வைத்த சமையல்கார அம்மா சாம்பார் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஐப்பசியில் நாத்தனார் இருந்த சந்துக்குள் தண்ணீர் ஏறியது. ஆள் உயரமெல்லாம் இல்லை, முட்டிக்கால் அளவுதான். ஆனால் கக்கூஸில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டது. என் கணவர் போய் அழைத்துவந்தார். தண்ணீர் வடிந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அங்கே இருப்பது தரையோடு தரையாக உட்காரும் டாய்லெட். அவருக்கு முட்டிவலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு எழுவாராம். இத்தனை மாசம் எங்கள் வீட்டில் இருந்தும் அதை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது காலையில் முதலில் உள்ளே போவது அவர்தான். நிதானமாக இருந்துவிட்டு வருவார். சூடான காற்று ஓடும் சத்தம் வெளியே கேட்கும். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று என் கணவர் கதவைத் தட்டுவார். "இருடா" என்று பதில் வரும்.

நான் அவருக்குப் பின்னால் வாக்கரைப் பிடித்தபடி நிற்பேன். எரிச்சல் வருவதில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. நிற்க முடிகிறது, நிற்கிறேன்.