நான்காவது கால்

தெருவில் அவரை ‘ஸ்பேனர்’ என்றால்தான் தெரியும். எந்த வாஷிங் மெஷினையும் காது கொடுத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். பெண்டாட்டிக்குத்தான் பதினோரு வருஷமாகக் காதே கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை. சுவரோடு பேசிப் பேசிச் சலித்துப்போய் அவள் விவாகரத்து கேட்டாள். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார், மகானுபாவர்.

பிரிந்தபோது வீட்டு வாஷிங் மெஷின் அவள் பங்குக்குப் போயிற்று. இரண்டு மாதத்துக்கொரு முறை அது கடகடவென்று ஆடிக்கொண்டே குளியலறை வாசல் வரை நடந்துவிடும். உடனே போன் வரும்.

“மெக்கானிக்குங்களா? மெஷின் மறுபடி நடக்குதுங்க.”

“இதோ வந்துட்டேன் மேடம்!”

நடக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, நான்காவது காலின் நட்டை மட்டும் அரைச்சுற்று தளர்த்திவிட்டு வருவது நம்மாளின் கைங்கரியம். அவர் கைபட்ட மெஷின் எதுவும் இரண்டாம் முறை கெட்டதில்லை. இது மட்டும் மூன்று வருஷத்தில் பதினேழு முறை. மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவள் கதவில் சாய்ந்துகொண்டு ஆபீஸ் கதையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். அவரும் பதில் சொல்வார், சில நாள் சிரிக்கவும் வைப்பார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களை ஓட்டினார்.

பதினெட்டாம் முறை போனபோது வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். அவளுக்கு வெளியூர் மாற்றலாம். மெஷினைக் கீழ்வீட்டு டீச்சருக்குக் கொடுத்துவிட்டாளாம். அவர் வழக்கம்போல் தரையில் படுத்து வேலையை ஆரம்பித்தார்.

“என்னங்க.”

மூன்று வருஷமாகக் கேட்காத அழைப்பு. கை அப்படியே நின்றது.

“இந்தத் தடவை அந்த நாலாவது கால் நட்டையும் நல்லா முடுக்கிடுங்க. பாவம் டீச்சர், அவங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை?”

“உனக்கு… எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது தடவையே. நானே முடுக்கியிருப்பேன். நீங்க அப்பத்தான் பேச ஆரம்பிச்சிருந்தீங்க. சரி, ஆடிட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

“அப்போ, நாம இன்னும்…”

“முடுக்குங்க,” என்றாள் மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது.

முடுக்கினார். மெஷினை ஓடவிட்டு, இருவரும் அதன் எதிரே நின்றார்கள். அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை.