மதகு எண்ணப் போன தம்பி

சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இருக்கவில்லை. கூரை வரும்வரை எங்களுக்கு வீட்டில்தான் பள்ளிக்கூடம். அம்மாதான் அதிபர், வகுப்பாசிரியர், மணி அடிக்கிறவர் எல்லாம். மாணவர் இரண்டு பேர்: ஒன்பது வயதில் நான், ஆறு வயதில் தம்பி. அம்மா உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவர். பாடம் சொல்லத் தொடங்கினாரென்றால் வேலியில் இருக்கும் ஓணானும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும்.

புதன்கிழமைகளில் வெளிக்களப் பயணம். தபால்கந்தோர், நெல் ஆலை என்று எங்காவது கூட்டிக்கொண்டு போவார். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வெளியில் ஆசிரியர் வாய் திறக்கமாட்டார். மாணவர்தான் கேட்டு அறிய வேண்டும். முதலில் வணக்கம், அடுத்தது நாங்கள் யார் என்பது, அதன் பிறகு கேள்வி. அம்மா கொப்பியும் பேனையுமாகப் பின்னால் நின்று பத்துக்குப் புள்ளி போடுவார். பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதுகூட என் பாடம்தான். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் தாங்களே கேட்கிறார்கள், இவர் மட்டும் மகாராணி மாதிரி நிற்கிறாரே என்று எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும்.

அன்று கொடிகாமம் சந்தை. பலாப்பழம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அறிய வேண்டும். தம்பி பஸ்ஸில் ஏறிய நேரத்திலிருந்தே அரியண்டம் கொடுத்ததால், டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் அவனை இருத்தி, அம்மா காதுக்குள் ஒரு வேலை சொன்னார். வீதிக்குக் கீழே தண்ணீர் போகிற மதகுகளை எண்ண வேண்டும். பயணம் முடியும்வரை தலை திருப்பக்கூடாது. அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. கொடிகாமத்தில் இறங்குகிற நெரிசலில் நானும் அம்மாவும் பின்கதவால் இறங்கிவிட்டோம். அவன் அம்மாவோடு வருகிறான் என்று நான் நினைத்தேன், என்னோடு வருகிறான் என்று அம்மா நினைத்தார். பஸ் யாழ்ப்பாணப் பக்கம் புறப்பட்டபோது கண்ணாடிக்குள் அவன் தலை தெரிந்தது. விரல் மடித்து எண்ணிக்கொண்டு இருந்தான்.

அம்மா பின்னால் ஓடினார். பஸ் நிற்கவில்லை. தரிப்பிடத்தில் ஒரு மேசையைப் போட்டு, பஸ்கள் வருகிற போகிற நேரம் குறிக்கிற ஒருவர் இருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

“என்னம்மா, எங்கை போகோணும்?”

அம்மாவின் வாய் திறந்தது. உதடு துடித்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவருடைய விரல்கள் என் தோளை இறுக்கிப் பிடித்தன. எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. தம்பி தொலைந்த நேரத்திலும் பாடத்தை விடாத அம்மாவில் கோபம் கோபமாக வந்தது. பத்துப் புள்ளி ஆசையும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

“வணக்கம் ஐயா. நாங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்திலை இருந்து வெளிக்களப் பயணம் வந்திருக்கிறம்.”

“சரி, அதுக்கு?”

“இப்ப போன பஸ்ஸிலை எங்கடை தம்பி மதகு எண்ணிக்கொண்டு போறான். அவனை என்னெண்டு திருப்பி எடுக்கிறது?”

மனிதர் எழும்பியே விட்டார். “ஐயோ பிள்ளை, அதையெல்லோ முதல்லை சொல்லியிருக்கோணும்!” என்று போனை எடுத்து அந்த பஸ் கொண்டக்டரைக் கூப்பிட்டார்.

அரை மணித்தியாலத்தில் எதிர்ப்பக்கமாக வந்த பஸ்ஸில் தம்பி வந்து இறங்கினான். கையில் யாரோ வாங்கிக் கொடுத்த வடை. திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்ததில் இரண்டு மதகு விட்டுப்போனதாம், அதற்குத்தான் அழுகை. அம்மா வீதிக்கரையிலேயே குந்தி இருந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது. நேரம் குறிக்கிறவருக்கு நன்றி சொன்னதும் நான்தான்.

எட்டு வருடம் கழித்து அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டக் கூட்டிப் போனேன். அதுவரை வெளியில் அவருக்காக அப்பா கதைப்பார், இல்லாவிட்டால் நான். பதிகிற பெண் பெயர் கேட்டபோது நான் பைக்குள் துண்டுச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா தன் பெயரின் முதல் எழுத்திலேயே திக்கி நின்றார். உதடு துடித்தது. விரல்கள் வந்து என் தோளைப் பிடித்தன. இவ்வளவு படித்தும் ஏன் ஆசிரியர் வேலைக்குப் போகவில்லை என்று ஆட்கள் கேட்டால் அவர் சிரித்து மழுப்புவதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் கொடிகாமத்தால் வீட்டுக்கு வந்த அந்தப் பின்னேரம் எனக்கு ஒன்பது வயது. அம்மா கொப்பியை விரித்தார். எனக்குப் பத்து. தம்பிக்கு, விட்ட மதகுகளைக் கழித்து, எட்டு. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

“உங்களுக்கு எத்தினை? நீங்கள் ஒண்டுமே கதைக்கேல்லை. உங்களுக்குப் பூச்சியம்!”

அம்மா பேனையைத் திரும்ப எடுத்தார்.

“ஓம் பிள்ளை, சரிதான்” என்றார். எங்கள் பெயர்களுக்குக் கீழே ‘அம்மா’ என்று எழுதி, எதிரே ஒரு பூச்சியம் போட்டார். புள்ளி போட்டால் அதன் கீழே அடிமட்டம் வைத்து நேராகச் சிவப்புக் கோடு இழுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் ஓடிப்போய் அடிமட்டத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.