காய்ந்த பிறகு பாருங்கள்

கார்ப் பட்டறையில் டிங்கர் வேலை பார்ப்பவனுக்குக் கண்ணைவிட உள்ளங்கைதான் முக்கியம். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்திவிட்டுக் கண்ணை மூடித் தடவினால், மயிரிழை மேடு இருந்தாலும் கை சொல்லிவிடும். அதே பட்டறையில் பெயிண்ட் கலக்கும் அவன் மனைவிக்குக் கண். வெயிலில் வெளுத்த காரின் நிறம் எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இருக்காது. அவள் ஒரு பார்வை பார்ப்பாள், நாலு டப்பாவைத் திறப்பாள், முடிந்தது. அவள் ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்ணால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. டிங்கர் மட்டும் தடவிப் பார்த்து, "இதோ, இங்க!" என்பான். பதினெட்டு வருஷப் போட்டி. ஒரு தடவைகூட அவள் ஜெயித்ததில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

முப்பத்தெட்டு வயதில் அவள் மாலை நேர ஓவியப் பள்ளியில் சேர்ந்தாள். "காருக்கு அடிச்சது பத்தாதா?" என்று சிரித்தான். முதல் வருஷம் ஜாடி வரையச் சொன்னார்கள். அவள் வரைந்தது ஜாடி மாதிரியே இல்லை. அதன்மேல் விழுந்த வெளிச்சத்தின் ஏழு விதச் சாம்பல் மட்டும் அச்சு அசலாக இருந்தது. ஃபெயில். மறு வருஷம் நாற்காலி. அதுவும் அதே கதி.

"உருவமே மனசுல நிக்க மாட்டேங்குதுங்க. நிறம்தான் நிக்குது," என்று அவனிடம் அழுதாள். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

பெயிண்ட் அடிக்கும் அறைச் சுவரில் வருஷக்கணக்காகத் தெறித்த பூச்சு விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் அதை உப்புத்தாளால் தேய்த்தாள். அடியிலிருந்து வட்டம் வட்டமாகப் பழைய கார்களின் நிறமெல்லாம் வந்தது. அன்றோடு ஜாடியையும் நாற்காலியையும் தலைமுழுகினாள். பலகையில் முப்பது பூச்சு பூசுவாள், தேய்ப்பாள், மறுபடி பூசுவாள். உருவம் என்ற பேச்சே இல்லாத படங்கள். டிங்கருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்வரை அதன்முன் நிற்பான்.

கடைசித் தேர்வுக்கு அவளுடைய ஆளுயரப் பலகையை வேனில் ஏற்றிப் போனவன் அவன்தான். இதில் தவறினால் மறு வாய்ப்பு கிடையாது; நாலு வருஷப் படிப்பும் வீண். மூன்று தேர்வாளர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்டவர் எடுத்த எடுப்பிலேயே, "இது ஏதோ தானா அமைஞ்ச மாதிரி இருக்கே. நீங்க நினைச்சு வச்ச நிறம்தான்னு எப்படி நம்பறது?" என்றார்.

வாசலில் நின்ற டிங்கருக்குக் காதெல்லாம் சூடேறியது. அவள் பையைத் திறந்தாள்.

"ஒரு இடம் காட்டுங்க சார். அதே நிறத்தை இப்பவே கலந்து அங்கயே வைக்கிறேன். அப்புறம் கண்டுபிடிங்க."

அவர் நட்டநடுவில் ஒரு சாம்பல் பச்சையைக் காட்டினார். அவள் கலந்து, துணியில் தொட்டு ஒற்றினாள். அது வெளிறிய திட்டாகப் பல்லிளித்தது. கண்ணாடிக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மார்க் தாளை எடுத்தார்.

"காயட்டும் சார். ஈரத்துல வெளிறித்தான் தெரியும். கால் மணி நேரம் கொடுங்க," என்றாள். பட்டறைக் குரல் அது. அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். டிங்கர் அசையவில்லை.

திரும்பி வந்த கண்ணாடிக்காரர் பலகையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். திட்டைக் காணோம். "எங்க வச்சீங்க?"

"அவரைக் கேளுங்க," என்று வாசலைக் காட்டினாள். "இதுவரைக்கும் என் ஒட்டு எதுவும் அவர் கைக்குத் தப்பினதில்ல."

டிங்கர் உள்ளே வந்தான். தனக்குத்தானே குழி தோண்டுகிறாளே! கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தடவினான். மேலே, கீழே, நடுவில் இரண்டு தடவை. அவள் ஒற்றியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அப்படியும் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பொய் சொல்லி அவளைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

"இல்லைங்க," என்றான். "தோத்துட்டேன்."

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்து, மார்க் தாளில் 'பாஸ்' என்று எழுதினார்.

பலகையை வேனில் ஏற்றும்போது காவலாளி ஒரு கை கொடுக்க வந்தார். "ஓரத்தைப் பிடிங்க," என்றான் டிங்கர், நெஞ்சு நிமிர. "படத்துமேல கை வைக்காதீங்க. என் வீட்டுக்காரம்மா வரைஞ்சது."