தனிச் செய்தியில் மட்டும் தைரியம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது பேர் இருந்தோம். அதில் ஐம்பத்தொன்பது பேர் ரொம்ப நல்லவர்கள், நான் உட்பட. மீதி ஒருத்தி என் தோழி.

ஒரு மதியச் செமினாரில் அவள் வாய் பிளந்து தூங்கிவிட்டாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். சாப்பிட்டதும் கண் சொக்கத்தானே செய்யும். யாரோ அதைப் படமெடுத்து, கீழே ‘குட் மார்னிங்’ என்று எழுதி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து எங்கள் குரூப்பில் பொழுது அந்த முகத்தில்தான் விடிந்தது. ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி நானும் ஒருநாள் அனுப்பினேன், இரண்டு சிரிப்புப் பொம்மைகளோடு. நான் மட்டும் அனுப்பாமல் இருந்தால் திமிர் பிடித்தவள் என்பார்களே.

மனசாட்சியையும் பட்டினி போடவில்லை. அன்று மாலையே அவளுக்குத் தனியாக எழுதினேன்: ‘கண்டுக்காதடி. நான் உன் பக்கம்தான்.’ கூடவே ஒரு சிவப்பு இதயம். அனுப்பி முடித்ததும் எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

பத்து நாளில் ஸ்டிக்கர் குரூப்பைத் தாண்டி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அதை அவளுடைய அம்மாவுக்கே காலை வணக்கமாக அனுப்பினார். அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. “உன் போட்டோ எல்லாருக்கும் வந்திருக்குடி” என்று சிரித்தபடி மகளிடம் நீட்டினார். அன்றோடு அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள். அடுத்த திங்கட்கிழமை பிராக்டிகல் தேர்வு. தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை, கைவசம் இருந்த அறிவுரைகளோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்றையும் சொல்ல விடாமல் போனை நீட்டினாள்.

“பாரு. இருபத்திரண்டு பேர் தனியா ஆறுதல் சொல்லியிருக்காங்க. பாதிப் பேரு, ‘நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே’ன்னு வேற. ஸ்டிக்கர் போட்டதும் இவங்கதான்.”

அந்த வரிசையில் என் சிவப்பு இதயமும் இருந்தது.

“நீ தனியா சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அங்க நீ சிரிச்சது எல்லாருக்கும் தெரியும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

“என்னடி செய்யட்டும்?”

“அங்க பேசு.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தே குரூப்பில் எழுதினேன்: ‘அந்த ஸ்டிக்கரை நானும் போட்டேன். தப்பு. அவ ரொம்பக் கஷ்டப்படுறா. எல்லாரும் அழிச்சிடுங்க. இனிமே போடாதீங்க.’ நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. படித்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, பதில்தான் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி கடைசியில், ‘நானும் போட்டேன். சாரி’ என்றாள். அதன்பிறகு இன்னும் மூன்று பேர். மற்ற நல்லவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

எதையும் அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். துறைத் தலைவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

“என்னை மன்னிச்சிட்டியா?” என்றேன். எனக்கு அவ்வளவு அவசரம்.

“இல்ல,” என்றாள். “ஆனா பிராக்டிகலுக்கு வரேன். கேட்லேர்ந்து லேப் வரைக்கும் என்கூட நட. எல்லாரும் பார்க்கட்டும்.”