எண்ணூர்க் கடலில் உடைந்த குரல்

ரூபினாவுக்கு நான் ஆறாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல் காசிமேட்டில் நான்கு விசைப்படகு வாங்கியவன் நான். வேலை முடியாமல் காசு கொடுத்த சரித்திரம் எனக்குக் கிடையாது.

டோல்கேட்டில் பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் திரும்ப முடியாத பொந்தில் வயர்லெஸ் செட்டு பழுது பார்ப்பவள் ரூபினா. டிப்ளமோ படித்தவள். அந்த மாத வாடகைக்கு என் ஆறாயிரத்தைத்தான் நம்பியிருந்தாள்.

என் புது டிஜிட்டல் செட்டுகள் எண்ணூரைத் தாண்டினால், பேசுகிற குரல் தவளைக் கத்தலாகிவிடும். அதைச் சரிசெய்யத்தான் அந்த ஆறாயிரம். குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, எண்ணாக்கி அனுப்புகிறதாம். வழியில் எண் கெட்டால் தவளை. கெடாமல் எல்லா எண்ணுக்கும் காவல் போட அலையில் இடமில்லை என்றாள் ரூபினா.

"படகுல ஐஸ் கொறஞ்சா இன்னா பண்ணுவோம்? வஞ்சிரத்து மேல கொட்டுவோம். சல்லிசா விக்கிற காரப்பொடி மீனு நாறினா நாறட்டும்" என்றேன்.

குரலின் உரப்பையும் கனத்தையும் சொல்லும் எண்களுக்கு மட்டும் காவல் போட்டாள். ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்ததாகச் சொன்னாள். சொல்லட்டும்.

துண்டே தொலைந்தால்? அதற்கும் யோசனை என்னுடையதுதான். ஏலம் கூவும்போது மூச்சு முட்டினால் கடைசி விலையை இழுப்போம். இழுவை நிற்கும்வரை ஏலம் முடியவில்லை என்று கணக்கு. அதேபோல, தொலைந்த இடத்தில் முந்தைய துண்டையே இழுக்கச் செய்தாள்.

ஏலக்கூடத்தில் செட்டை வைத்தோம். கடலிலிருந்து என் டிரைவர் அலெக்ஸாண்டர், வஞ்சிரம் கூடை ஒன்பதாயிரம் என்று ஏலத்தைத் தொடங்கினான். தவளை இல்லை. உடனே சிக்னல் போய்விட்டது. செட்டு "ரம்ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தது. ஏலம் முடியவில்லை என்று வியாபாரிகள் ஏற்றிக்கொண்டே போனார்கள். பத்தாயிரத்து நானூறு!

நான் அங்கேயே பணத்தை எடுத்தேன். ரூபினா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாணாம் நைனா. ஆளு கடல்ல வுழுந்தாலும் இது பாடிகினே கீதும். அவன் பேசிகினு கீறான்னு நீ டீ குடிச்சிகினு இருப்ப."

வாடகை என்னாவது என்றேன். கடையின் சொந்தக்காரர் கத்தினால் கத்தட்டுமாம்.

இரண்டு நாள் உட்கார்ந்தாள். மறுபடி அலெக்ஸாண்டர் போனான். குரல் உடையவில்லை, சிக்னல் போனதும் ஒரு மூச்சு இழுத்து, தேய்ந்து, அடங்கியது. ஆள் எட்டவில்லை என்று கரையில் எல்லோருக்கும் புரிந்தது.

ஐநூறு ரூபாய்த் தாள்களை அவள் கையில் எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு... பத்தில் நிறுத்தினேன். ஐஸ் யோசனைக்கு ஐநூறு, இழுவை யோசனைக்கு ஐநூறு கழிவு என்றேன்.

"இழுவை ஒன் யோசனதான் நைனா. அதனாலதான் ரெண்டு நாள் சேத்து மாரடிச்சேன்."

விரித்த கையை அவள் மடக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு.